சட்டைப் பையில் ஒரு பின்

அந்தச் சின்ன ஸ்பிரிங் கையை விட்டுத் தெறித்துப் போனால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், மேடம். புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் தவழ்ந்து, டார்ச் அடித்து, தரை முழுக்கக் காந்தத்தை இழுத்து நானும் தேடியிருக்கிறேன். கிடைக்காது. பல மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது தானாக வந்து கண்ணில் படும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் துப்பாக்கியை வெஸ்லியே தனியாக உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டினான் என்று போலீஸ் அறிக்கையில் நீங்கள் எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார். அது சரியில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்துப் பின்னைச் சுற்றி ஒரு கீறல்கூட இருக்காது. அந்தப் பின் கழன்று விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு குட்டி ஸ்பிரிங்கும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி முளையும்தான். புதிதாகப் பூட்டுகிறவர்கள் அந்த இடத்தில்தான் துப்பாக்கியின் உடம்பைக் கீறி வைப்பார்கள். கை அசையக் கூடாது. வெஸ்லிக்குக் கோடைக்காலத்திலிருந்தே கை நடுக்கம். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான்.

நான்தான் பூட்டினேன். முளை, ஸ்பிரிங், பின் எல்லாவற்றையும். இரும்புச் சுரங்கத்தின் பட்டறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். செய்த வேலையைச் செய்தேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

வெஸ்லி எங்களுக்கு ஒரே பிள்ளை. கொஞ்சம் பிந்திப் பிறந்தவன். என் மனைவி இர்மா அவனை அதட்டுவாள், நான் அதட்ட மாட்டேன். வீட்டில் ஒருவர் அப்படி, ஒருவர் இப்படி இருப்பதுதான் வழக்கம் என்று நினைத்தேன். அவன் மார்னியைக் கட்டிக்கொண்டபோது இந்தப் பெல்டோலா ஊரே எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று சாப்பிட்டது. மார்னி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நல்ல பெண். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். பிரிந்த பிறகும் அதை மாற்றவில்லை.

அவன் அவள் கழுத்தில் கைவைத்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. முதல் தடவை குளிர்காலம். மார்னி மஃப்ளர் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை ஜூலையில். ஜூலையில் மஃப்ளர் சுற்ற முடியாது. கடைக்காரர் பார்த்துவிட்டார், அவரே காரில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போட்டார். மார்னியின் பக்கம் வெஸ்லி போகக் கூடாது, துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் டெபுடி ஒருவர் வந்து அவனுடைய துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். மரியாதையான பையன். போகும்போது காலணியில் ஒட்டிய மண்ணைக்கூட வாசலில் தட்டிவிட்டுத்தான் போனார்.

வெஸ்லி எங்கள் வீட்டு மாடிக்கு வந்தான். அவன் இருக்கிற வீட்டில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்று என்னுடையவற்றையும் என் மைத்துனன் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சட்டத்தை மதிக்கிற குடும்பம்தான் எங்களுடையது.

பிள்ளை கண் முன்னால் கரைந்து போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? மாடியில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். இர்மா அவனுக்குப் பிடித்த பாஸ்டி சுட்டு வைப்பாள். ஓரத்து மாவை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு உள்ளே இருக்கும் இறைச்சியை அப்படியே விட்டுவிடுவான். மனநல மருத்துவரைப் பார்க்கப் பெயர் கொடுத்தோம். கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் இடமிருக்கிறது என்றார்கள். அதுவரை என்ன செய்வது என்று கேட்டதற்கு அந்தப் பெண் தொலைபேசியிலேயே ஒரு நம்பரைச் சொன்னாள். அந்த நம்பரில் பாட்டுதான் பாடியது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சௌனாவுக்கு விறகு வைக்கப் போனேன். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் நீராவிக் குளியல்தான். கதவைத் திறந்தால் உள்ளே வெஸ்லி உட்கார்ந்திருக்கிறான். அடுப்பு எரியவில்லை. தடித்த கோட்டுப் போட்டிருந்தான். மடியில் துணி உலர்த்தும் கயிறு, அழகாகச் சுற்றி வைத்திருந்தான்.

"என்னடா, அடுப்பு பத்த வைக்கலியா?" என்றேன்.

"விறகு ஈரமா இருக்குப்பா."

"ஈரமா இருந்தா என்ன, மரப்பட்டையப் போட்டா புடிச்சுக்கும்."

"சரிப்பா."

கயிற்றைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு ஆண்கள் குளிர்ந்த சௌனாவில் கோட்டோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.  என் வாழ்க்கையில் நான் ஒருவரை எதிலிருந்தும் காப்பாற்றியதில்லை. எனக்குத் தெரிந்தது இரும்பு வேலை. அதனால், "மான் வேட்டை வருதே, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ரைஃபிள் பூட்டலாமா?" என்றேன்.

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஜூலைக்குப் பிறகு அவன் யாரையாவது நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

துப்பாக்கியின் உடற்பகுதியை என் பேரில் வாங்கினேன். யாருக்கு என்று கடையில் கேட்டார்கள், எனக்கு என்றேன். கையெழுத்து என்னுடையது, பணம் என்னுடையது, மேசை என்னுடையது. அப்படியானால் துப்பாக்கியும் என்னுடையதுதானே. மற்ற சின்னச் சின்ன பாகங்களைப் பொட்டலமாக வாங்கி வந்து, வீட்டுக்கு அடியில் இருக்கும் என் பட்டறையில் வெள்ளைத் துணியில் கொட்டிப் பரப்பினோம். நான் பூட்டுவேன், அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். அவன் ஒரேயொரு தடவை அந்த முளையை அமுக்கிப் பார்க்கிறேன் என்று ஆசைப்பட்டான். கொடுத்தேன். டிக் என்று ஒரு சத்தம்.

"அப்பா, போச்சு."

"எங்கடா போச்சு?"

"உங்க மூக்குக்குள்ளதான் போயிருக்கும். தும்முங்க பாக்கலாம்."

"உன்ன மட்டும் சுரங்கத்துல சேத்திருந்தா மலையவே தொலச்சிருப்படா."

சிரித்தான், மேடம். வாய்விட்டுச் சிரித்தான். மேலே சமையலறையில் இர்மா நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அவளும் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் அவனே கீழே வந்து முட்டை பொரித்துத் தின்றான். ஒரு மருத்துவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முட்டாள் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியைத் தாங்கிப் பிடிக்கிற பின்னை மட்டும் நான் போடவில்லை. விரல் கணுவளவு நீளம்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வெறும் இரும்பு, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். அந்தப் பின்னை என் சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டேன். சட்டை மாற்றும்போது பின்னும் மாறும். வெஸ்லிக்கு அது தெரியும்.

"அது எப்பப்பா தருவீங்க?" என்று கேட்டான்.

"காட்டுக்குக் கெளம்புற அன்னிக்கு. நானும் கூட வருவேன்."

"சரி" என்றான். அவன் முரண்டு பிடிக்கவில்லை. அதற்கப்புறமும் தினமும் கீழே வந்து என்னோடு உட்கார்ந்தான். பூட்டியதைக் கழற்றுவோம், மறுபடியும் பூட்டுவோம். முடிந்துவிட்டால் அவன் மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவானோ என்று எனக்குப் பயம்.

இர்மா ஒரு நாள் பட்டறைப் படியில் வந்து நின்றாள். கீழே இறங்கவில்லை.

"யாருக்கு அது?"

"எனக்குத்தான்."

"உனக்கு இடது கண்ணுல புரை. வலது கண்ணுக்குக் கண்ணாடி. எந்த மானைச் சுடப் போற?"

"அவன் கயிறோட உக்காந்திருந்தான், இர்மா."

"எனக்குத் தெரியும். அந்தக் கயிற நான்தான் அடுப்புல போட்டேன்." படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "கயிறுன்னா அவன் ஒருத்தனோட போயிடும், ரெய்னோ. இது அப்படி இல்ல."

ஒரு தாய் பேசுகிற பேச்சா அது? எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை, வருத்தம்தான் வந்தது. பின் என்னிடம் இருக்கிறது என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். கையை நீட்டினாள்.

"அப்ப அத என்கிட்டக் குடு. ஏரில போட்டுட்டு வந்துடுறேன்."

என் கை தானாகப் பையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அதைப் பார்த்தாள். அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு அயர்ன்வுட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் ஒரு தடவை போன் செய்வாள். நலமா என்று கேட்க மாட்டாள். "இன்னும் உன்கிட்டதான இருக்கு?" என்பாள். "இருக்கு" என்பேன். வைத்துவிடுவாள்.

மார்னியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள் வேறு வீடு பார்த்துப் போயிருந்தாள். எந்தத் தெரு என்று எனக்கும் இர்மாவுக்கும் மட்டும்தான் சொன்னாள். "நீங்க வாங்கப்பா. ஐலிக்கு நீங்க வேணும். ஆனா இந்த இடம் அவருக்குத் தெரியக் கூடாது. உங்கள நம்பிச் சொல்றேன்" என்றாள். ஐலி என் பேத்தி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். இர்மா இருந்தவரை அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியை எடுத்துப் போவேன். அவள் போன பிறகு கடையில் வாங்கிப் போனேன். "இது ரொட்டியா, பஞ்சா?" என்று ஐலி கேட்டாள். மார்னி சிரித்துக்கொண்டே அதில் வெண்ணெய் தடவினாள். கழுத்தில் எதுவும் சுற்றியிருக்கவில்லை. நல்ல நிறம் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் வெஸ்லி மேசையில் காத்திருப்பான்.

"ஐலி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு."

"அவளுக்குத் தனி ரூமா?"

"ஆமா. பின்பக்கம். ஜன்னல்ல மேப்பிள் மரம் தெரியுது, அதுல அணில் வருதாம்."

"மேப்பிள்னா... மில் தெருவாப்பா?"

நான் எழுந்துபோய்க் காபி வைத்தேன். ஆமாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். இல்லை என்றும் சொல்லவில்லை. தன் பெண் எங்கே தூங்குகிறாள் என்று ஒரு தகப்பன் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அதில் என்ன தவறு என்று அப்போது நினைத்தேன். அந்த இரவு அவன் நன்றாகத் தூங்கினான். மாடியிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

நவம்பர் தொடக்கத்தில் மார்னி என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். நன்றி நாள் விருந்து முடிந்ததும் ஐலியைக் கூட்டிக்கொண்டு விஸ்கான்சின் போகப் போகிறாள், அங்கே பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. "நீங்க அங்கயும் வரணும்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் வெஸ்லியிடம் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். சிறு வயதிலிருந்தே அப்படி. எப்படியும் தெரியப் போகிற செய்தி, நம் வாயால் கேட்கட்டும் என்று சொன்னேன்.

மறுபடியும் சுவர். மறுபடியும் ஓரத்து மாவு. அதன் பிறகு அதுவும் இல்லை. பட்டறைக்கு அவன் வரவில்லை. நான் மட்டும் கீழே உட்கார்ந்து பூட்டியதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் கட்டில் சத்தம் கேட்டால் நிம்மதி, கேட்காவிட்டால் ஓடுவேன். இந்த வயதில் அந்தப் படியை நான் எத்தனை தடவை ஏறினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு தடவை ஏறிப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. சௌனாவுக்கு ஓடினேன். அங்கேதான் இருந்தான். கயிறு இல்லை. இர்மா எரித்துவிட்டாளே. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தான். அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. செய்ய ஒன்றுமே இல்லாமல் அவை கிடந்தன.

அது ஒரு புதன்கிழமை, பிற்பகல்.

"அப்பா, அந்தப் பின் வேணும்" என்றான்.

"வேட்டை இன்னும் ஆரம்பிக்கலியேடா."

"தெரியும்."

"குறி பாக்கவா? சரளைக் குழிக்குப் போலாமா? நானும் வர்றேன்."

"இல்லப்பா."

"அப்ப எதுக்கு?"

"கேக்காதீங்க. சொன்னா நீங்க தர மாட்டீங்க."

ஏரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது, சௌனாவின் கதவு தட்டிக்கொண்டே இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "நாளைக்குத் தர்றேன்" என்றேன்.

அன்று இரவு அவன் கடையில் வாங்கி வைத்திருந்த பாஸ்டி இரண்டைச் சாப்பிட்டான். இறைச்சியோடு. தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் காலையில் எழுந்து, ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்த கூரைத் தகரத்தை ஏணி போட்டு ஏறிச் சரி செய்தான். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவன் கை நடுங்கவில்லை. என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. அப்படி ஒரு காலையைத் தொலைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

மதியத்துக்கு மேல் பட்டறைக்குப் போய்ச் சட்டைப் பையின் பட்டனைக் கழற்றினேன். அந்தப் பின்னை நானேதான் போட்டேன். தானே போடுகிறேன் என்று அவன் கேட்டான், கொடுக்கவில்லை. அவசரத்தில் கீறிவிடுவான். போட்டுவிட்டு அவன் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ்பா" என்றான். என் தோளில் ஒரு கணம் தலையைச் சாய்த்துக்கொண்டான். வண்டி ரோட்டில் ஏறித் திரும்புகிற சத்தம்வரை கேட்டேன். இடது பக்கம் போனால் காடு. வலது பக்கம் ஊர். வலது பக்கம் திரும்பினான்.

சிறிது நேரத்தில் இர்மா போன் செய்தாள்.

"இன்னும் உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு" என்றேன்.

அவள் உடனே வைக்கவில்லை. "உன் குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றாள். ஜலதோஷம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் உடனே மார்னிக்குப் போன் செய்திருப்பாள். மார்னி கதவைப் பூட்டிக்கொண்டு உங்களை அழைத்திருப்பாள், நீங்கள் என் பிள்ளையை நடுரோட்டில் வைத்துச் சுட்டிருப்பீர்கள். அதை யோசித்துத்தான் சொன்னேன். பிறகு போய்ச் சௌனாவில் அடுப்பைப் பற்ற வைத்தேன். அவன் திரும்பி வந்தால் குளிருமே.

மார்னி காரிலிருந்து மளிகைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். நீங்கள் எனக்குப் படம் எதுவும் காட்ட வேண்டாம். அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டவள். அவளுக்காக நான் அழுதேன், இன்னும் அழுகிறேன், அது என் சொந்த விஷயம். வெஸ்லி ஓடவில்லை. துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறான். எல்லாம் தானே செய்தேன், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். இப்போது சிறையில் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறான். நான் போய் நின்றால் காவலர் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறான் போலிருக்கிறது. இர்மா போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

பேசாதே என்றுதான் வக்கீல் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் ஐலி யாரிடம் வளர்வது என்று நீதிபதி முடிவு செய்யப் போகிறார். மார்னியின் சித்தி ஜாய்ஸ் கேட்டிருக்கிறாள். நானும் கேட்டிருக்கிறேன். நீதிபதி முன்னால் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

பின் சட்டைப் பையிலேயே இருக்கும்போது புதன்கிழமையே கொடுக்காமல் நாளைக்கு என்று ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். புதன்கிழமை ஐலி வீட்டில் இருப்பாள். வியாழக்கிழமை என்றால் பள்ளிக்கூடத்திலிருந்தே ஜாய்ஸ் அவளை நீச்சலுக்குக் கூட்டிப் போய்விடுவாள், சாப்பிட வைத்து இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடுவாள். சௌனாவின் கதவைச் சாத்திவிட்டு வந்து இதைத்தான் வெஸ்லியிடம் சொன்னேன். "வியாழக்கிழமைன்னா கொழந்த அங்க இருக்க மாட்டாடா" என்றேன். அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

இதை நீங்கள் மறக்காமல் நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், மேடம். அத்தனை பேரில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.